உதோன் சட்டை உரித்த காலை

ரெய்வா எட்டாம் ஆண்டு, மே பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, இவாகுனி. எனக்கு இன்று எண்பத்தொரு வயது, நான்கு மாதம், பதினொரு நாள்.

அன்புள்ள நொபுயுகிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தன் விருப்பப்படி நடந்துகொள்கிறது. சிலியின் அந்த வறண்ட மலைமேல் மூக்கில் இரத்தம் வராமல் நீயும் நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். நீ என்னிடம் விட்டுப்போன உன் பாம்பு உதோனும் நலம் என்ற இந்த ஒற்றை வரியை எழுதுவதற்காகப் பதினாறு நாள் கடிதம் எழுதாமல் காத்திருந்தேன், ஆகையால் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

மே மூன்றாம் தேதி உதோன் சுண்டெலியைத் தொடவில்லை. பனிப்பெட்டியில் என் கானாங்கெளுத்தி மீனுக்குப் பக்கத்தில் நீ அடுக்கிவைத்துப் போனவற்றில் ஒன்றைத்தான் இளக்கிச் சூடாக்கி வைத்தேன். அது முகர்ந்துபார்த்துவிட்டு மரப்பட்டைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. நீ எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் படித்தேன். சட்டை உரிக்குமுன் உண்ணாது, ஒளிந்துகொள்ளும், தோல் மங்கும், கண் நீலம் பாரிக்கும் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். ஆனால் உதோன் தன் பெயருக்குரிய நூடுல்ஸைப் போலவே பிறவியிலேயே மங்கல் வெள்ளை, கண்ணோ சிவப்பு. வெளுத்தது இன்னும் வெளுப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீ எழுதவில்லை. தாளின் அடியில் மட்டும் கோடிட்டு எழுதியிருந்தாய்: ‘மூடியை அழுத்தி மூடவும். அப்பாவைப் போல் திறந்து வைத்துவிட வேண்டாம்.’ ஐம்பத்திரண்டு வயதிலும் அந்த வரியை நீ விட்டபாடில்லை.

நாற்பது ஆண்டு பள்ளியில் வேதியியல் கற்பித்தவள், ஒரு பாம்பிடம் தோற்பதாக இல்லை. சாவுவீடுகளுக்குக் கட்டும் என் கறுப்பு இடைப்பட்டையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். கறுப்பின் முன்னால்தான் வெள்ளையின் வேறுபாடு தெரிகிறது. நாள்தோறும் காலை பத்து மணிக்கு, அதே சன்னல் வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். ஐந்தாம் தேதி வயிற்றுப்புறம் இளஞ்சிவப்பாயிற்று. ஏழாம் தேதி முதுகின் பளபளப்பு போய்ச் சோற்றுக் கஞ்சி காய்ந்தாற்போல ஆயிற்று. ஒன்பதாம் தேதி, மாதுளை முத்துப் போல் இருந்த கண்மேல் எண்ணெய்த்தாளை விரித்தாற்போல் ஒரு புகை. மற்றப் பாம்புகளுக்கு வரும் நீலம் இதற்கு வரவில்லை, அந்தச் சிவப்பு சற்றே அழுக்கானது, அவ்வளவுதான். பத்தாம் தேதி நீ தொலைபேசியில் கத்தியது நினைவிருக்கும். “அம்மா, ஒரு வாரமா சாப்பிடலைங்கிற, வாயில புண்ணோ என்னவோ, இன்னைக்கே ஹிரோஷிமா டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போயேன்! உனக்கு என்ன பிடிவாதம்?” என்றாய். தோல் கழல்கிற வேளையில் அதைப் பையில் போட்டு ஒரு மணி நேரம் ரயிலில் குலுக்க நான் ஒப்பவில்லை. ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு உன் தாளை நான்கு முறை திரும்பப் படித்ததை உன்னிடம் சொல்லவில்லை. நோயாக இருந்து நான் காத்திருந்தால் கொன்றவள் நான். உரிப்பாக இருந்து தொட்டாலும் அப்படியே.

பதினான்காம் தேதி கண் தெளிந்துவிட்டது. அறியாதவர்களுக்கு அபாயம் இங்கேதான். புகை விலகியதும் எல்லாம் முடிந்தது, உரிக்கவேண்டியதுதான் பாக்கி என்று தோன்றும். உண்மையில் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் அப்போதுதான் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். இன்னும் நான்கைந்து நாள் வேண்டும். ஈரப்பாசி நிரப்பிய டப்பாவைத் தெளித்துத் தெளித்து வைத்தேன், வேறெதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யாமலிருப்பது என் வயதில் மிகக் கடினமான வேலை.

நேற்று மாலை பக்கத்து வீட்டு ஹாமாஸாகி, தாமரைக் கிழங்கு வறுவல் தட்டோடும் பெரிய பையோடும் வந்தாள். அவள் மகள் அடுத்த மாதம் அழகு நிலையம் திறக்கிறாள். கல்லாப்பெட்டிக்குள் வெள்ளைப் பாம்பின் சட்டை முழுதாக இருந்தால் பணம் பெருகுமாம். “டீச்சரம்மா, மூக்கு நுனியில பாருங்க, தோல் தூக்கிக்கிட்டு நிக்குது. பாவம், அதுக்கும் அரிக்கும்ல? லேசா ஒரு இழு இழுத்தா, காலுறை மாதிரி வந்துரும்” என்றாள். நான் சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது மூடி தரையில் கிடக்கிறது, அவளுடைய இரண்டு விரல்கள் உதோனின் உதட்டோரத்தில் இருக்கின்றன. தேநீர்த் தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியாது, அவள் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தேன். கிண்ணம் இரண்டும் உடைந்துபோயின. “ஐயோ, அடிக்கிறீங்களே! சாமியோட தூதுவரை நான் என்ன கறியா சமைக்கப் போறேன்? படிச்சவங்களுக்கு நம்பிக்கைதான் இல்லைன்னா மரியாதையுமா கிடையாது?” என்று அழுதாள். “தொட்டா செத்துரும். எனக்குத் தெரியும்” என்றேன். “பாம்பு வளர்த்து எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு, எட்டு மாசம், என்னத்தைத் தெரியும்?” என்றாள். அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். வறுவல் நன்றாகத்தான் இருந்தது.

இன்று காலை பத்து மணிக்குப் பார்த்தபோது உதோன் மரப்பட்டையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து, தானாகவே, அவசரமில்லாமல், பழையதிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. இருபத்தேழு நிமிடம் பார்த்தேன். சட்டை ஒரே துண்டு. தலைப்பகுதியை உருப்பெருக்கியில் வைத்து இரண்டு கண் படலங்களும் சில்லு போல் அதிலேயே வந்திருக்கின்றனவா என்று மும்முறை எண்ணினேன், இரண்டும் இருக்கின்றன. மதியம் சுண்டெலியையும் விழுங்கிற்று. சட்டையை ஹாமாஸாகிக்குக் கொடுக்கவில்லை. உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். உனக்கு வியப்பாக இருக்கும், மேலே படி.

ஆசிகளை இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்ததைப் படித்தபின் அவை உனக்கு வேண்டாமலிருக்கலாம். நீண்ட ஆயுளோடு இரு. மலைமேல் நிறையத் தண்ணீர் குடி. ஆகஸ்டில் அப்பாவின் நினைவு நாளுக்கு வா. ஒன்பது ஆண்டாக ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்கிறாய்.

நீ பன்னிரண்டு வயதில் புத்தாண்டுக் காசைச் சேர்த்து வாங்கிய பாம்பு ஸோமெனும் இப்படித்தான் வெள்ளை, இப்படித்தான் சிவந்த கண். அந்த ஜூனில் அப்பாவின் துணிக்கடை மூழ்கிக்கொண்டிருந்தது. இந்த ஊர் நம்பிக்கைகளை வகுப்பில் கேலி செய்த நான், முழுச் சட்டை ஒன்றை அவர் கல்லாவில் ஒளித்து வைக்க ஆசைப்பட்டேன். கண் தெளிந்திருந்தது. உதட்டோரம் தோல் தூக்கியிருந்தது. நீ பள்ளிக்குப் போயிருந்தாய். இழுத்தேன். அடித்தோலும் ஒரு கண்ணும் சேர்ந்து வந்தன. அன்று மாலைக்குள் இறந்தது. உன் அப்பாதான் அதைப் பிளம் மரத்தடியில் புதைத்துவிட்டு, மூடியைத் திறந்து தரையில் வைத்தார். “நான் மூட மறந்துட்டேன், எங்கேயோ உசிரோட இருக்குன்னு பையன் நினைச்சுக்கட்டும். நீ கொன்னேன்னு தெரிஞ்சா உன்கூட உக்காந்து சாப்பிட மாட்டான். என்கூட அவன் எப்ப உக்காந்தான், நான்தான் கடையிலேயே கிடக்கேனே” என்றார். அதன்பின் அவர் இறக்கும்வரை, உங்கள் ஒவ்வொரு சண்டையும் அந்த மூடியில்தான் வந்து நின்றது. நான் பக்கத்திலிருந்து சோறு பரிமாறினேன். அவர் எதையும் மறந்து திறந்து வைத்ததில்லை, நொபுயுகி.

உன் அம்மா,
மிட்சுயோ