கேமராமேல் ஒட்டிய பிளாஸ்திரி

பாய்,

சில நாள் முன்புவரை லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் பட்டது நீ கேமராமேல் ஒட்டிய பிளாஸ்திரிதான். உப்புக்காற்றில் ஓரமெல்லாம் கறுத்துச் சுருண்டு, அப்போதும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, திரையில் ஒரு மாதமாக ஒரே அறிவிப்பு. இதிலுள்ள ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராதாம், மாறிக்கொள்ள வேண்டுமாம். இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எதற்கு? நீ இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாய்.

துபாயிலிருந்து இந்த லேப்டாப்போடு கூனிமேட்டுக்கு வந்து, உப்பளத்தில் என்னோடு கூட்டு சேர்ந்த முதல் வாரமே அந்தப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டாய். நம் மூஞ்சியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கிண்டல் செய்தேன். "பாக்காதவனுக்கு எதுக்குப்பா கண்ணு?" என்றாய்.

சாயங்காலமானால் அளத்து ஷெட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தப் பக்கம் காற்று, எந்தப் பாத்தியில் உப்பு பூத்தது, எப்போது மேகம் போட்டது என்று டைப் அடிப்பாய். நடுநடுவே என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் திட்டுதான். நீ மவுத்தான பிறகு அளத்தை நான் தனியாகச் சமாளிப்பது அந்தக் குறிப்பை வைத்துத்தான். மழைக்கு முன்னால் எந்தப் பாத்தியில் முதலில் வாருவது என்று அதில்தான் தேடுகிறேன். உள்ளதைச் சொன்னால், உன் பேச்சென்று எனக்கு மிச்சம் இருப்பதும் அது ஒன்றுதான்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் கொண்டுபோனேன். புதிய பதிப்பை இந்த மெஷின் தாங்காது, வேறு லேப்டாப் வாங்க வேண்டும், இல்லையென்றால் லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளலாம், அது இலவசம் என்றார். இலவசம் என்றதும் என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. எழுதியது யார், சும்மா கொடுப்பானேன் என்று துருவினேன். உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதியது என்றார். பல பேர் என்றால், நாளைக்கு ஒன்று ஆனால் யார் சட்டையைப் பிடிப்பது?

உன் குறிப்பைப் பென் டிரைவில் எடுத்து, கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். பக்கம் பக்கமாக ஏதேதோ குறிகள். ஒரு தமிழ் எழுத்து இல்லை. நீ அடித்தது பழைய காலத்து ஃபான்ட், அதையும் சேர்த்து ஏற்றினால் சரியாகிவிடும் என்று அந்த அம்மா சொன்னார். நான் நம்பவில்லை. லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், அளத்தின் வடக்கு மூலையில் அந்த ஒற்றைப் பாத்தி தெரிந்தது. புது போர்வெல் போட்ட வருஷம் உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் நாக்கில் பட்டதும் சுரீரென்று கரித்தது. எல்லாப் பாத்திக்கும் திறந்துவிட நான் மண்வெட்டியோடு நின்றேன். நீ மடைக்குக் குறுக்கே வந்து நின்றாய். "ஏம்பா, இப்பத்தான் வந்த தண்ணி. ஒரு பாத்தியில மட்டும் வுட்டுப் பாரு. பூக்கட்டும், அப்புறம் பேசலாம்." நம் பக்கத்து வழக்கம்தான் அது, அவசரத்தில் மறந்தது நான். ஆனாலும் உன்னோடு பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் துரு நிறத்தில் உப்பு பூத்தது. அந்த ஒரு பாத்தியோடு போயிற்று.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய், இதில் இருப்பதைத் தொடாமல் லினக்ஸை ஓரமாக ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "இத மொதல்லயே கேட்டிருக்கலாம்லண்ணா. பென் டிரைவ்ல இருந்தே ஓட்டலாம். புடிக்கலன்னா புடுங்கிடுங்க, பழசு அப்படியே இருக்கும்." லேப்டாப்பில் இருந்த உன் ஃபான்டையும் ஏற்றி, குறிப்பைத் திறந்தார். முதல் வரி தமிழில் வந்து நின்றது. "தெக்கத்திக் காத்து. மூணாம் பாத்தி பூத்துது. இவன் இன்னிக்கும் லேட்டு." கடையென்றும் பாராமல் அழுதுவிட்டேன் பாய். அவர் எழுந்துபோய் டீ சொன்னார்.

அப்படியும் நான் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. பத்து நாள் பென் டிரைவிலேயே ஓட்டி, உன் குறிப்பைப் பழையதோடு வரிவரியாக ஒப்பிட்டேன். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உன் வீட்டில் கொடுத்து வைத்தேன். அதற்கப்புறம்தான் முழுதாக மாற்றச் சொன்னேன்.

மாற்றும்போது அது பெயர் கேட்டது. என் பெயர் அதற்கு எதற்கு? கொஞ்சம் யோசித்துவிட்டு உன் பெயரை அடித்தேன். உன்னை இனி யார் என்ன செய்துவிட முடியும்? வீட்டுக்கு வந்து, பழைய பிளாஸ்திரியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினேன்.

இப்போது காலையில் அளத்துக்கு வந்து மூடியைத் திறந்தால், திரையின் நடுவில் உன் பெயர் நிற்கிறது. உண்மையிலேயே நீதானா என்று பாஸ்வேர்டு கேட்கிறது. நீதான் என்று அடித்துவிட்டு உள்ளே போகிறேன். இதுவரை அது ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.