அறையில் இருந்தவர்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று அறையில் இருந்தவர்கள்: நான், பேராசிரியர், பம்பு பார்க்கும் அண்ணன், பார்வையிட வந்த இருவர். ஆக ஐந்து பேர். ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாக வேண்டிக்கொள்வேன் என்று அடம்பிடிக்கிறாயே, எழுதிக்கொள்.

அந்தப் பள்ளம் மறுபடி வந்தது, அக்கா! இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசில் படியும் பனியைப் போலவே, காற்றில்லாத எஃகுப் பெட்டிக்குள் நாங்களும் பனியை உறைய வைக்கிறோம். அதன் வழியே அகச்சிவப்பு ஒளியை விட்டால், பனியில் உள்ள ஒவ்வொன்றும் தனக்குரிய ஒளியை விழுங்கும். வரைபடத்தில் அங்கே பள்ளம் விழும். எங்களுக்கு விழுவது கரியமில வாயுவுக்குரிய பள்ளம்; நாங்கள் போடாத அந்த வாயு, கதிர் எதுவும் படாமல் தானாகவே உண்டாகிறது! இதுவரை யாரும் காணாதது. கட்டுரை வெளியானால் என் வேலை நிரந்தரம்.

உன் கடைக்குட்டி

மார்ச் 9

அன்புக் கண்ணுக்கு,

சாமிக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தேன், மனசு ஒட்டவில்லை. நீ எழுதும் ஆள் கணக்கையும் பள்ளத்தையும் தேதிபோட்டுக் குறித்துவைக்கும் வேண்டுதல் நோட்டைப் புரட்டினேன். ஐந்து பேர் இருந்த அன்று பள்ளம் ஆழம். மூவர் இருந்தால் பாதி. காய்ச்சலில் நீ கருவியை ஓடவிட்டு வெளியே போய்ப் படுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. கருவி சரியில்லை என்று எழுதியிருந்தாய். நாம் விடும் மூச்சிலும் அதே வாயுதானே? தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 15

அக்கா,

பெட்டிக்குள் காற்றே கிடையாது என்று எத்தனை தரம் எழுதுவது? மூச்சு எப்படிப் போகும்? "எங்க அக்கா சாமி நோட்டுல வேற மாதிரி இருக்கு சார்"னு போய் நிக்கவா? நாளை கட்டுரை போகிறது. இனி ஆள் கணக்குக் கேட்காதே.

மார்ச் 20

கண்ணு,

பெட்டிக்குள் இல்லை, சரி. விளக்கிலிருந்து பெட்டிக்குப் போகுமுன் ஒளி ஒரு சாண் தூரம் வெளியே வருகிறதே? அறைக் காற்று புகாமல் அங்கே உலர்ந்த வாயு ஊதும் குழாய் கழன்றது, துணி சுற்றிவிட்டேன் என்று பிப்ரவரி 6ஆம் தேதி எழுதியது நீதான்.

"அவ பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்குறியாடி? பேசாம வேண்டிக்கிட்டு இரு" என்று உன் அத்தான் கத்துகிறார். உன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். எல்லோரையும் அனுப்பிவிட்டு, நீயும் வெளியே வந்து, ஒரே ஒருமுறை ஓட்டிப் பார். அப்போதும் பள்ளம் விழுந்தால் உன் காலில் விழுகிறேன், போதுமா?

அக்கா

மார்ச் 27

அக்கா,

இன்று அறையில் இருந்தவர்கள்: ஒருவருமில்லை. கதவுக்கு வெளியே நான், மூன்று மணி நேரம்.

பள்ளம் இல்லை.

பிறகு உள்ளே போய், துணி சுற்றிய குழாயருகே குனிந்து மூச்சு விட்டேன். மெல்ல விழுந்தது.

கட்டுரை போய்ப் பதினொரு நாளாகிறது. பேராசிரியர் வெளியூரிலிருந்து அடுத்த வாரம் வருகிறார். திரும்பப் பெறச் சொல்ல வேண்டும். வேலை என்னவாகும், தெரியாது. வேண்டுதலில் இந்த வாரம் அவரை முதலில் போடு.

அந்த நோட்டில் உள்ளதைத் தேதிவாரியாக அப்படியே எழுதி அனுப்பு. அவர் முன்னால் நிற்கும்போது கையில் இருக்க வேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

கடைக்குட்டி