ரயிலுக்காக நின்ற பஸ்

சேசு மரி சூசை துணை

மேல் டிவிசன்,
டிக்கோயா.
17.7.1955

அன்புள்ள மகன் கஸ்பருக்கு அம்மா எழுதிக்கொண்டது. தேவமாதா உன்னை நோய் நொடி அண்டாமல் வைத்திருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்து, ஈரச்சேலையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அதை மட்டும் வைத்துக்கொள். இரண்டு வாரமாக மழை விடவில்லை, லயத்து வீட்டுக் கூரை நம் பக்கம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அடுப்புப் பக்கம் ஒரு சட்டி, உன் பழைய கட்டிலுக்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். தங்கச்சி ஐவிக்கு இருமல் நிற்கவில்லை, அதோடேயே கொழுந்து பறிக்கப் போகிறாள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவளா அவள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயோ இல்லையோ, கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. இப்போது லீவு கேட்டால் வேலையை நிரந்தரமாக்க மாட்டார்கள், அதனால் அட்டன் பஜாரில் கடை வைத்திருக்கிற சிவசாமி அண்ணன் கையில் பத்திரங்களைக் கொடுத்து விடுகிறேன், அவர் அப்பாவைப் பார்த்துக் கொடுத்துவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை காரியத்துக்கு வியாழக்கிழமை கடிதம். சிவசாமி கறுப்பா சிவப்பா என்று எங்களுக்கு என்ன தெரியும். அதற்கு முந்தின கடிதத்தில், நானே வருவேன், காலை ரயிலில் வருவேன், மூன்று பேரும் சேர்ந்து நுவரெலியா போவோம் என்று எழுதியிருந்தாய், அதைத்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம்தான், ஆனால் அது முழுக்க உன் மேல் இல்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

நாலு வருசத்துக்கு முன் அப்பா போட்ட பிரஜாவுரிமை மனுவுக்கு ஒருவழியாக விசாரணைத் தேதி வந்தது, செவ்வாய் பகல் இரண்டு மணிக்கு நுவரெலியாவில். அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டு, இதே தோட்டத்தில் இடைவிடாமல் இருக்கிறார் என்று பெரிய துரை கையெழுத்துப் போட்ட கடிதம், எல்லாம் உன்னிடம். பாஸ்காவுக்கு வந்தபோது கொழும்பில் ஒரு வக்கீல் புரக்டரிடம் காட்டிக் கொண்டுவருகிறேன் என்று நீதான் எடுத்துப் போனாய். அட்டன் வழக்கம் உனக்குத் தெரியும், கொழும்பு ரயில் வந்து ஆட்கள் ஸ்டேஷனில் இருந்து படியேறி வரும்வரைக்கும் நுவரெலியா பஸ் மேலே நிற்கும். ஒருநாள் கொழும்பில் டிராமும் பஸ்ஸும் ஒரே இடத்தில் வந்து சேருகிற சந்திக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாயே, டிராமை விட்டு இறங்கின கிழவர் ஒருவர் ஓடி வர வர பஸ் கிளம்பிப் போனதைப் பார்த்து, எங்க அட்டன்ல இப்பிடி விட்டுட்டுப் போவாங்களா என்று நான் பெருமை பேசினேன், நீ சிரித்தாய். அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது. அன்றைக்கும் எப்போதும் போல நான் பஸ்ஸில் ஏறி மூன்று பேருக்கு இடம் பிடித்துக்கொண்டேன், அப்பா கலியாணக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே பிளாட்பாரத்துக்கு இறங்கிப் போனார்.

வட்டவளைக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் மண் சரிந்து கிடந்ததும், ரயிலில் இருந்தவர்களை இறக்கி பஸ்ஸில் ஏற்றி அட்டனுக்கு அனுப்பினதும் எங்களுக்கு அப்போது தெரியாது. அப்பாவிடம் ரயில் சுணங்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மேலே ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்கள் பெட்டியும் கையுமாக இறங்கினார்கள், வழக்கமான வட்டவளை பஸ் என்று நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரயிலில் வருகிற பிள்ளை படியேறித்தானே வர வேண்டும், அதனால் என் கண் முழுக்கப் படிக்கட்டில் இருந்தது. அந்தப் படிக்கட்டுக்கு இந்தப் பக்கம்தான் பஸ் டைம்கீப்பர் மேசை. குடை பிடித்த ஒரு ஆள் அந்த மேசையில் ஒரு காக்கிக் கவரைக் கொடுத்து என்னமோ சொன்னதையும், டைம்கீப்பர் அதை வாங்கித் தன் தேத்தண்ணிக் கிளாசுக்குக் கீழே வைத்ததையும் நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் கஸ்பர். அவர் எழுந்து நின்று ஏதோ பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார், பஸ் கூரையில் கொட்டின மழையில் என்ன பெயர் என்று கேட்கவில்லை. உன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கவர் எவனுடையதோ என்றுதான் தோன்றியது. இறங்கினால் பத்து எட்டு வைக்க வேண்டிய தூரம்.

பஸ் அரைமணிக்கு மேல் நின்றது. உள்ளே இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் மாயாண்டி நல்ல பையன், அவனே வந்து, அம்மா இதுக்கு மேல தாங்காதும்மா, ஐயாவக் கூப்பிடுங்க, இல்லாட்டி எறங்கிக்கிருங்க என்றான். நான் நனைந்துகொண்டே ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டேன். அதற்கு அவர், பேப்பர் இல்லாம அங்க போயி எதக் காட்டுறது, புள்ள வந்து நம்மளக் காணாம தெகச்சுப் போயிருவான் என்றார். ஆள் போய் நின்றால் வேறு தேதிக்குத் தவணையாவது கேட்கலாமே என்று என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மூன்று மாசமாகப் பார்க்காத பிள்ளையை ஒரு மணி நேரம் முந்திப் பார்க்கலாம் என்கிற ஆசை எனக்கு. எங்களுக்காக அவ்வளவு நேரம் நின்ற பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.

மூன்று மணிக்குத்தான் இன்றைக்கு இனி ரயில் இல்லை என்றார்கள். மேலே ஏறி வந்து டிக்கோயா பஸ் எப்போது என்று கேட்க அப்பா அந்த மேசைக்குப் போனார். டைம்கீப்பர் மாத்தயா அப்பாவின் கோட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு கிளாசைத் தூக்கி, ஐயா இது ஒங்களுக்கா பாருங்க, நுவரெலியா பஸ் போக முந்தியே வந்தது, நான் ரெண்டு மூணு தரம் கூப்பிட்டன் என்றார். மேலே உன் கையெழுத்தில் அப்பா பெயர் இக்னேசியஸ் என்று இருந்தது. கிளாசு வைத்த இடத்தில் வட்டமாக ஈரம். அந்த மனுசன் தலையில் கை வைத்துக்கொண்டார், அவரைக் குறை சொன்னால் எனக்குத்தான் பாவம். அப்பா கவரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, குளுருது, தேத்தண்ணி குடிப்போம் வா என்றார். கவர் வந்ததை நான் பார்த்தேன் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை, சொல்ல தைரியமும் இல்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

மறுநாள் அவர் தனியாக அந்தக் கவரை எடுத்துக்கொண்டு நுவரெலியா போனார். பொழுது சாயத் திரும்பி வந்து, தவணை குடுத்திருக்காங்க, செப்டெம்பர் ஆறு என்றார், மாதா பெருநாளுக்கு ரெண்டு நாள் முந்தி என்று சிரித்துக்கூடக் காட்டினார். கலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். வெள்ளிக்கிழமை கோட்டைக் காயப்போட எடுத்தபோது உள் பையில் இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சூசைரட்ணம் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். விசாரணைக்கு ஆள் வராததால் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று வாசித்தார். தவணை ஏதும் போட்டிருக்கா மாஸ்டர் என்று கேட்டேன். இல்லீங்க என்றார். மேலே அப்பீல் போடலாம் என்றும் சொன்னார், சொல்லும்போதே குடையைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார். காகிதத்தை இருந்தபடியே மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டேன்.

அதில் நம் நாலு பேர் பெயரும் இருக்கிறது மகனே. மனுப் போட்டபோது உனக்குப் பதினேழு வயசு, அதனால் உன் பெயரும் அப்பாவின் மனுவுக்குள்ளேதான். எந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்று ஒருநாள் லீவு கேட்காமல் இருந்தாயோ, அந்த வேலைக்கு உன் துரை கேட்கிற பிரஜாவுரிமைச் சீட்டு இனி எங்கே இருந்து வரும். இதை நான் எழுதாமல் மறைத்திருக்கலாம். ஆபீஸில் யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்வது மேல் என்று எழுதுகிறேன். அழுதால் தனியாக உட்கார்ந்து அழாதே, கோயிலில் போய் உட்கார். சாயங்காலம் கிணற்றில் குளிக்காதே, உனக்கு நெஞ்சுச் சளி சேரும்.

அப்பாவுக்கு எழுதும்போது உனக்கும் எனக்கும் எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, தவணையைப் பற்றி ஒன்றும் கேட்காதே. வருகிறேன் என்று மட்டும் எழுது. செப்டெம்பர் ஆறில் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் அன்றைக்கு அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவார், நானும் கூடவே போவேன், வேறு என்ன செய்கிறது. அன்றைக்காவது லீவு போட்டுவிட்டு நீயே வா, யார் கையிலும் எதையும் கொடுத்து விடாதே. நான் பஸ்ஸுக்குள்ளும் உட்கார மாட்டேன், பிளாட்பாரத்துக்கும் போக மாட்டேன், நடுப்படியில் நிற்பேன். நீ எதில் வந்து இறங்கினாலும் அங்கே இருந்து தெரியும்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு, தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிற

உன் அம்மா
இ. மரியநாயகி