இலவச பஸ் இருக்கும்போது

மொரப்பூர்
10.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். கணுக்கால் வரை செம்மண். "எங்கிருந்தும்மா நடந்து வர்ற?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். வாரம் முழுக்கத் தையல் கடையில் குனிந்தே கிடக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஏரிக்கரை வழியாகப் புளியந்தோப்பு ஸ்டாப் வரை நடக்கிறேன். அங்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் நீந்திப் போய் உட்காருவீர்களே, அந்தப் பாறைக்கு இப்போது நடந்தே போகலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
பிளசி

ஓசூர்
16.2.2025

மரியே வாழ்க

பிளசிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே பெரியப்பா மகன் ஸ்தனிஸ்லாஸ் போன் செய்துவிட்டான். பெண்களுக்கு பஸ் இலவசம். அதை விட்டுவிட்டு ஒரு பெண் வெயிலில் நடந்தால், யாரையோ பார்க்கத்தான் போகிறாள் என்பார்கள். அவனும் அதைத்தான் கேட்டான். எனக்கு அவமானமாகப் போயிற்று.

இனி அவன் பைக்கில் கொண்டுவந்து விடுவான். மறுபடி நடந்தால் தையல் கடையையும் நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

ஜோசப் ராஜ்

மொரப்பூர்
23.2.2025

அண்ணா,

இன்று கோயில் வாசலில் ஸ்தனிஸ் அண்ணன் பைக்கோடு நின்றார். "ஏறு பிளசி, வூட்டுக்குப் போலாம்." எல்லோரும் பார்த்தார்கள். "நீ போண்ணா, நான் நடந்து வரேன்" என்றேன்.

அவர் விடவில்லை. ஏரிக்கரையில் என் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். புளி பொறுக்கிக்கொண்டிருந்த சுகுணா அக்கா சத்தம் போட்டாள்: "ஏந்தம்பி, புள்ளைய மேய்க்க வந்தியா? பெட்ரோலு யாரு போடறாங்க?" மரத்தடியில் ஒரே சிரிப்பு. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுதான் சும்மா வுடறாங்களே, நீ எதுக்குப் புள்ள நடக்கற?"

"நடக்கப் புடிக்குதுங்கக்கா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

உங்களுக்கும் இதேதான் பதில். படிப்பை நிறுத்து என்றீர்கள், தலையாட்டினேன். இதற்கு ஆட்டமாட்டேன். கடையை நிறுத்தினாலும் நடப்பேன்.

ஸ்டாப்புக்குப் போனதும் பஸ் வந்தது. "ஏறும்மா" என்றார் அதே கண்டக்டர். போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன்.

பிளசி