வெட்டலாமா என்று கேட்ட டாக்டருக்கு

டாக்டர் சார்,

போன வாரம் கீரனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு நேர்ந்த மானக்கேட்டை உங்களிடம்தான் சொல்ல முடியும். இலையில் சுடச்சுட ரசம் ஊற்றினார்கள். ஆவி அடித்து என் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது. கொஞ்சமும் யோசிக்காமல் அதைக் கழற்றி, பக்கத்து இலைக்காரர் ஆற வைத்திருந்த வெந்நீர் டம்ளரில் முக்கி எடுத்து, துடைத்து மாட்டிக்கொண்டேன். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இத நான் குடிக்கலாமா, இல்ல இன்னும் ஏதாச்சும் கழுவ வேண்டியது இருக்கா?" என்றார். பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன்.

இத்தனை வருடம் ஆபரேஷன் தியேட்டரில் உங்களுக்குக் கேமரா பிடித்த கை அது. லென்ஸில் ஆவி படிந்தால் வெளியே எடு, வெந்நீரில் முக்கு, துடை, உள்ளே விடு. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. கைக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டுப் புதுக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து வந்தவர் நீங்கள். தொப்புள் வழியாகக் கேமராவை விட்டு, வயிற்றைக் கிழிக்காமல் பித்தப்பையை எடுக்கும் வித்தை அப்போது நம் ஊருக்குப் புதிது. "தாலி கட்டுறப்ப ஆடாத கை, இங்கயும் ஆடாது" என்று சேர்த்துக்கொண்டீர்கள். முதல் நாளே நான் பழக்கதோஷத்தில் கல்லீரலை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். "ஏய்யா, பொண்ணு வீட்டுக்காரங்கள எடுத்து முடிச்சிட்டியா? கொஞ்சம் மாப்பிள்ளை பக்கமும் வா" என்றீர்கள். பிறகு பழகிவிட்டது. உங்கள் 'அங்கிட்டு' எவ்வளவு தூரம், 'இங்கிட்டு' எவ்வளவு தூரம் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாயைத்தான் வெட்ட வேண்டும். பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாய். வீக்கம் இருந்தால் எது எது என்று தெரியாது. மாற்றி வெட்டினால் அந்த ஆளுக்கு ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரிதான். அதனால் கத்தரியை வைக்கும் முன் கையை நிறுத்தி, அறையில் இருக்கிற ஒவ்வொருவரையும் "வெட்டலாமா?" என்று கேட்பீர்கள். "ஒருத்தர் வேணாம்னாலும் வெளிய எடுத்துருவேன். ஏன்னு அப்புறம் கேட்டுக்கிறேன்" என்பது உங்கள் சட்டம். மற்ற டாக்டர்கள் உங்களுக்குப் 'பஞ்சாயத்து' என்று பெயர் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பஞ்சாயத்தின் லட்சணமும் எனக்குத் தெரியும். மயக்க மருந்து டாக்டர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "வெட்டலாம்" என்பார். நோயாளிக்கு மயக்கமா அவருக்கா என்று எனக்குச் சந்தேகம் வரும். ஆவூர்க்காரரான ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் உண்மையிலேயே பார்த்துச் சொல்வார். நான் உங்கள் புருவத்தைப் பார்த்துச் சொல்வேன்.

அப்புறம் அந்த மெஷின் வந்தது. சென்னையிலிருந்து இரண்டு பொறியாளர்கள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நம் கேமராவோடு இணைத்து, பக்கத்தில் இன்னொரு திரையை வைத்தார்கள். நான் காட்டுகிற படத்தின் மேலேயே அது அந்தந்த நொடியில் வண்ணம் பூசும். கை வைக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. பல ஊர் டாக்டர்கள் கோடு போட்டுக் கொடுத்த ஆபரேஷன் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டதாம். ரத்தம் தேங்கி ஒன்றும் புரியாத இடத்தில் எந்த வண்ணமும் பூசாமல் விட்டுவிடும். அதைத்தான் நீங்கள் ரசித்தீர்கள். "தெரியலன்னா தெரியலங்குது பாருய்யா. நம்ம ஆளுகள்ல எத்தன பேரு சொல்லுவாங்க?" என்று அதற்கும் ஒரு ஓட்டுக் கொடுத்தீர்கள். முப்பது வருடம் கத்தி பிடித்தவர், நேற்று வந்த பெட்டியிடம் போய் "வெட்டலாமா?" என்று கேட்டபோது அந்தப் பொறியாளர்களே கூச்சப்பட்டார்கள்.

கட்டுமாவடியிலிருந்து காளியம்மாள் வந்தது அதற்குச் சில வாரம் கழித்து. மீன் விற்கிற அம்மாள். பித்தப்பையில் கல் என்று நீங்கள் சொன்னதும் உங்களுக்கே பாடம் எடுத்தார்.

"நான் தெனம் நூறு மீனு அறுக்குறேன் டாக்டரே. பித்தம் ஒடையாம எடுக்கணும். ஒடஞ்சா கொழம்பே கசந்துபோகும். ஒங்களுக்குக் கை பழக்கம் உண்டுல்ல?"

"உண்டும்மா. தெரியலன்னா ஒங்களயே எழுப்பிக் கேட்டுக்கிறேன்."

"கேளுங்க. மூணு பொம்பளப் புள்ளைக இருக்கு. நான் கூடையத் தூக்குனாத்தான் அதுக சாப்பிடும்."

உள்ளே போனால் எல்லாம் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. வெகுநேரம் பிரித்தெடுத்து ஒரு குழாயைப் பிடித்துக் கத்தரியைக் கொண்டுபோனீர்கள். அதற்குள் மெஷினைத் தனியாகக் கேட்கும் வழக்கம் நின்றுபோயிருந்தது. தினமும் பச்சையே காட்டியதால் அன்றும் பச்சையாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் நினைப்பு. "வெட்டலாமா?" என்றீர்கள். மயக்க மருந்து டாக்டர் வெட்டலாம் என்றார். ஸ்டெல்லா சிஸ்டரும் வெட்டலாம் என்றார்.

"வேணாம்" என்றேன் நான்.

உங்கள் கை அப்படியே நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. கத்தரியை வெளியே எடுத்துவிட்டுத்தான் பக்கத்துத் திரையைப் பார்த்தீர்கள். நீங்கள் பிடித்திருந்த குழாய் முழுக்கச் சிவப்பு. எவ்வளவு நேரமாக அது சிவப்பாக இருந்ததோ, அதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. மறுபடி முதலிலிருந்து பிரித்தீர்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஒளிந்திருந்த சின்னக் குழாய் வெளியே வந்தது. வெட்டப் போனது பெரிய குழாயை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மெஷின் பாத்துச்சு. ஆனா மெஷினப் பாக்க ஒரு ஆளு வேணும்ல. அது நீதான்யா" என்றீர்கள்.

உங்கள் படத்திறப்பில் இதைத்தான் மைக் பிடித்துச் சொன்னேன். நல்ல கைதட்டல். காளியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதார், கூடை நிறைய நண்டும் கொண்டுவந்திருந்தார். இப்போது உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டரம்மாவும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். கடைசியாக மெஷினை, பெயர் சொல்லாத குறையாகக் கேட்கிறார். நானும் இப்போதெல்லாம் புருவத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு திரையையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். காரணம் கேட்காமல் கையை நிறுத்திய ஒரு மனிதரோடு நின்றவன் வேறு எப்படி இருக்க முடியும்?

ஒன்றே ஒன்று மைக்கில் சொல்லாமல் விட்டேன். அன்று நான் அந்தப் பக்கத்துத் திரையைத் திரும்பியே பார்க்கவில்லை, சார். தன் ஓட்டைச் சொன்ன கையோடு ஸ்டெல்லா சிஸ்டர் என் பின்னால் வந்து, "அண்ணே, நெத்தியெல்லாம் வேர்வையா ஊத்துது, தொடச்சு விடவா?" என்று காதோரம் கேட்டார். வேணாம் என்றது அவருக்கு.