கிட்டாருக்கு ஒரு குடம் தண்ணீர்

விருதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

அன்பு மகள் ரோஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், என் முழங்கால் மட்டும் மழை வரப்போகிறது என்று தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது, மழையைக் காணோம். நீ அங்கே டொராண்டோ குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். முதலில் ஒரு விஷயம். உன் கூட்டாளி நவநீதகிருஷ்ணன் கொண்டுவந்திருக்கும் கிட்டார் பெட்டியை நீ இன்னும் திறக்கவில்லை என்று நினைத்துத்தான் எழுதுகிறேன், திறப்பதற்கு முன்னால் இதை உன் கையில் கொடுக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குள் கிட்டார் இல்லை. சேவு இருக்கிறது. அந்தப் பையன் மேல் பாயாதே, தங்கமான பிள்ளை, லீவில் வந்தவன் வேலை மெனக்கெட்டு சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தான். எல்லாம் என் வேலை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய், என் போனில் என்ன வந்தாலும் போனாலும் உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டு வாசித்துவிடுகிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ கிளம்பும்போது அந்தப் பழைய பேஸ் கிட்டாரை என் பொறுப்பில் விட்டுவிட்டு என்ன சொன்னாய்? மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துக் கம்பிகளைத் துடைக்க வேண்டும், கழுத்துப் பலகைக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்ட வேண்டும், ஸ்பீக்கரில் மாட்டிக் குமிழ்களை இரண்டு பக்கமும் திருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தூசி அடைத்துக் கரகரக்கும் என்றாய். உன்னைவிட வயதில் மூத்த கிட்டார், மதுரையில் கச்சேரி வாசித்து ஓய்ந்த ஒருவரிடம் நீ தவம் கிடந்து வாங்கியது, அதன் அருமை எனக்குத் தெரியாதா? பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன் நான், என் பொறுப்பில் இருந்த ஷெட்டில் ஒரு பொறி பறந்ததில்லை, ஒரு கிட்டாரைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா? ஆனால் முதன்முதலில் ஸ்பீக்கரில் மாட்டிய அன்றே அது ஙொய் என்று இரைய ஆரம்பித்துவிட்டது. கம்பியில் கை வைத்தால் இரைச்சல் நிற்கிறது, கையை எடுத்தால் மறுபடியும் ஙொய். வேறு யாராக இருந்தாலும் கிட்டார் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. மனுஷன் தொட்டால் அடங்குகிறது என்றால் என்ன அர்த்தம், எர்த் சரியில்லை என்று அர்த்தம்! ஆலையில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் செம்புத் தகடு அடித்து வைத்திருப்போமே, உள்ளே போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்து உடம்பில் ஏறியிருக்கும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்துப் பக்கம் போக வேண்டும். அதே கண்ணோடுதான் உன் கிட்டாரையும் பார்த்தேன்.

அன்றைக்கே உன் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்தேன். உள்ளே செருப்பு கூடாது, நைலான் சேலை கூடாது, செல்போன் கூடாது, நான்கு பேருக்கு மேல் கூடாது என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி மாட்டினேன். உன் அம்மா அதை வாசித்துவிட்டு, இந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு, மத்த ரெண்டு பேருக்கு நான் எங்கன போவேன் என்று கேட்டாள். அது கிடக்கட்டும். பிறகு கொல்லைப்புறத்து எர்த் குழியைப் போய்ப் பார்த்தேன், நம் ஊர் வெயிலில் அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, அப்புறம் எப்படிக் கரண்ட் இறங்கும்? உப்பும் கரியும் கொட்டி, தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். இரைச்சல் குறைந்தது, வீட்டில் வேறு இரைச்சல் கிளம்பியது. ஆனைக்குட்டம் டேம் தண்ணி என்னைக்கு வரும்னு குடத்தை வச்சிக்கிட்டுத் தவம் கிடக்கேன், நீக கிட்டாருக்குத் தாகம்னு மண்ணுல கொண்டு ஊத்துதீகளா, உங்களுக்கென்ன கிறுக்கா என்று உன் அம்மா தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள். பாதுகாப்பு விஷயத்தில் நான் யாரோடும் வாதாடுவதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொள்வது என்று ஒரு மாதிரியாக முடிவானது.

இப்போது நான் சொல்லப்போகிற விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள், மகள் சிரிப்பாளாம். நான் ஸ்பீக்கர் அருகே காதை வைத்து இரைச்சலைக் கேட்க வேண்டுமென்றால் கம்பியை யாராவது தட்ட வேண்டும் அல்லவா, அதற்கு அவளைக் கூப்பிட்டேன். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை, ‘அந்தக் கட்டை’ என்றுதான் சொல்லுவாள். திட்டிக்கொண்டே வந்து, தகட்டில் கை வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கட்டை விரலால் அந்தத் தடித்த கம்பியை ஒரு இழு இழுத்தாள் பார், ஷெல்பில் இருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் கிணுகிணுவென்று ஆடியது. கல்யாணத்துக்கு முன்னால் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றிய கை அது, என்ன பலம் என்கிறாய். மறுபடியும் இழுத்தாள். போதும் என்றேன். சும்மா இருங்க என்றாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் இஸ்திரி போட்ட நூல் சேலையைக் கட்டிக்கொண்டு உன் அறைக்குள் போய்விடுகிறாள், நான் தேநீர் கேட்டால், அங்கன சட்டியில இருக்கு, ஊத்திக் குடிங்க என்று பதில் வருகிறது.

எதிர் வீட்டுப் பஞ்சம்மாள் ஒருநாள் கோபத்தோடு ஏறி வந்தாள். யக்கா, நீக என்னத்தத்தான் அரைக்கீக, எங்க வீட்டு டம்ளரெல்லாம் தானா நடக்குது, திங்கக்கிழமை சூலக்கரைக்குப் போயி கலெக்டருட்ட மனு குடுத்துருவேன் என்றாள். உன் அம்மா அவளை உட்காரவைத்து ஒரு கும்மிப் பாட்டுக்கு வாசித்துக் காட்டினாள். மனுவைக் காணோம், மறுநாள் மதினியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னையும் சேர்த்தால் நான்கு பேர் ஆகிவிட்டது. அதற்கடுத்த நாள் மதினியின் மகளும் வந்து நின்றாள், ஐந்தாவது ஆளை உள்ளே விட முடியாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், கடைசியில் அந்த ஐந்தாவது ஆள் நான்தான் என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

போன வருஷம் கம்பிக்கு எதற்கு எண்ணெய் ஊற்றினீர்கள் என்று என்னைப் போனில் காய்ச்சினாயே, அந்தப் பழியும் அம்மாவுடையதுதான். எண்ணெய்க் கடை ஊரில் பிறந்தவளிடம் ஒரு சொட்டு என்று சொன்னால் கேட்பாளா, சனிக்கிழமை காலையில் எனக்குத் தேய்த்த கையோடு அதற்கும் நல்லெண்ணெய் தேய்த்து வெயிலில் சாய்த்து வைத்துவிட்டாள். சீயக்காயைக் கரைத்துக்கொண்டு வரும்போதுதான் நான் பார்த்தேன், ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன், இல்லையென்றால் தலைமுழுகியே இருக்கும். அதன் பிறகு கம்பியில் சத்தமே செத்துப்போயிற்று. நீ சொன்னபடி கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தோம். உன் அம்மா இட்லிச் சட்டியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள், நான் இன்றைக்கு இடியாப்பம் போலிருக்கிறது என்று தட்டும் தேங்காய்ப்பாலுமாகப் போய் மூடியைத் திறந்தேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆலையை விட்டு நின்ற பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் மருந்து சாப்பிட்டீகளா, கதவைப் பூட்டினீகளா என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லாமல் இருந்தது, ரோஷினி. இப்போது சண்டை போடுகிறோம், சிரிக்கிறோம், எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. சொன்னால் என்ன, சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் கிட்டாரை நவநீதனிடம் கொடுத்து அனுப்பச் சொல்லி நீ செய்தி அனுப்பினாய். உன் பொருள், நீ கேட்கிறாய், நியாயம்தானே. அவன் இன்று காலையில் வந்தான். நைலான் டீசர்ட் போட்டிருந்தான், அதைக் கழற்றச் சொல்லி என் கதர்ச் சட்டையைக் கொடுத்தேன், போனை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தேன், தகட்டில் கை வைக்கச் சொன்னேன், மறு பேச்சில்லாமல் எல்லாம் செய்தான். கிட்டாரை மாட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, இம்புட்டுப் பழைய பேஸ் இம்புட்டு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல அங்கிள் என்றான். அப்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அம்மா மட்டும், நல்லாத்தான் வாசிக்கான், பின்னால நாய் துரத்துற மாதிரி எதுக்கு இந்த ஓட்டம் என்று என் காதில் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே அவளிடம் நீட்டினான். அவள் அந்தக் கும்மியை நிதானமாக, ஒரு தப்பு இல்லாமல் வாசித்தாள், பையன் கண்ணை எடுக்கவில்லை. முடித்துவிட்டு அவளே கம்பிகளைத் துடைத்து, தன் பழைய நூல் சேலையில் சுற்றி, பெட்டியில் படுக்கவைத்து மூடினாள். பத்திரமா கொண்டு போயிரு தம்பி, அவ உசிரு இது என்றாள் அவனிடம்.

சாப்பாடு போட்டாள், தான் சாப்பிடவில்லை, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். அடுப்படியில் நின்றுகொண்டு அரிசிப் பானை மூடியில் கட்டை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள், தான் தட்டுவது அவளுக்கே தெரியவில்லை. உன் அம்மாவை உனக்குத் தெரியும், வாய் கிழியப் பேசுவாளே தவிர, தனக்கென்று ஒன்று வேண்டும் என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு எர்த் குழிக்குப் போனேன், பாதி ஊற்றிய பிறகுதான் இனிமேல் இதை எதற்கு ஊற்ற வேண்டும் என்று உறைத்தது. ஆர்டர் எடுத்த லோடை அனுப்பாமல் நிறுத்தியதே இல்லை நான், தீபாவளி சீசனிலும் நிறுத்தியதில்லை. இன்றைக்கு நிறுத்திவிட்டேன். உள்ளே வந்து உன் அம்மாவிடம், ஏ சொர்ணம், சொல்ல மறந்துட்டேன் பாத்தியா, கிட்டாரு அம்மாட்டயே இருக்கட்டும், அம்மா வாசிக்கிறது எனக்குத் தெரியும், பெட்டி மட்டும் போதும்னு ரோஷினி காலையில சொல்லிட்டா என்றேன். வாய் நிறையச் சேவு வைத்திருந்த நவநீதன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ஆமா ஆன்ட்டி என்று தலையை ஆட்டினான். அவள், அப்படியா சொன்னா, அவளாவா சொன்னா, நீக கேட்டீகளா அவளா சொன்னாளா என்று மாறி மாறிக் கேட்டாள். அவளாகத்தான் சொன்னாள் என்றேன். அவ்வளவுதான், உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். பிறகு வெறும் பெட்டியை எப்படி அனுப்புவது என்று சாத்தூர்ச் சேவும், கருப்பட்டி மிட்டாயும், இட்லிப் பொடியும் வைத்து அடைத்தாள், நீ ஆசைப்படுவாய் என்று இரண்டு கட்டு சாட்டையும் வைக்கப் பார்த்தாள், விமானத்தில் பட்டாசா என்று பிடுங்கிவிட்டேன்.

அது நீ தேடித் தேடி வாங்கிய பொருள் என்பது எனக்கு மறக்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புத்தான், கேட்டிருந்தால் நீ யோசித்திருப்பாய், யோசிப்பதற்குள் பஸ் கிளம்பியிருக்கும். சேவு வந்து சேர்ந்த சேதி தெரிந்ததும் அம்மா உன்னைக் கூப்பிடுவாள். நீதான் குடுக்கச் சொன்னியாமே என்று கேட்பாள், எதையும் மறைக்கத் தெரியாத குரலில் கேட்பாள். உனக்கு மனசு இல்லையென்றால் போனை எடுக்காதே, நான் ஏதாவது சொல்லி அடுத்த லீவுக்கு வரும் நவநீதனிடமே கொடுத்து அனுப்பிவைக்கிறேன், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. எடுத்தாயானால் ஆமாம் என்று மட்டும் சொல், வாசிக்கச் சொல்லிக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு திரியாதே, சேவை டப்பாவில் போட்டு இறுக்க மூடு. எல்லா நலமும் பெற்று, நினைத்ததெல்லாம் நடந்து, நீ நன்றாக இருக்க வேண்டும். போனை எடு, தாயி.

உன் அப்பா,
வெள்ளைத்துரை.