குளக்கரை எவ்வளவு நீளம்?

என் வீட்டு மேஸ்திரியம்மாவுக்கு,

முதலில் திட்டித் தீர்த்துவிடு. நீ மாதக்கணக்காகத் தேடும் தையல் டேப்பைத் திருடியவன் நான்தான். உன் கை பட்டது ஒன்று என் பெட்டியில் கிடக்கட்டுமே என்று எடுத்து வந்தேன். முட்டிவலி தேவலையா? நான் குண்டுக்கல்லாக இருக்கிறேன்.

இங்கே ஒரு குளத்தின் கரையை ஒட்டி வேலியாக வலை கட்டுகிறோம். மேஸ்திரி நீளக் கோலால் அளந்து நூறு மீட்டர் வலை கொடுத்தார். வளைவுக்கு வளைவு ஒட்டிக் கட்டியதில் பாதி வழியைத் தாண்டியதும் தீர்ந்துவிட்டது.

"மிச்சத்த எங்கய்யா வித்த?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டேப்பைத் தவிர நான் எதைத் திருடினேன்? அதையே எடுத்து வந்து கரையை வளைவு விடாமல் அளந்தேன். நூற்றைம்பது மீட்டர்!

"டேப்பு பொய் சொல்லுது" என்றார்.

"உங்க கோலு வளைவையெல்லாம் தாண்டிக் குதிச்சிருக்கு சார். பெரிய வளைவுக்குள்ள சின்ன வளைவு, அதுக்குள்ள குட்டி வளைவு. எறும்ப விட்டு அளந்தா இன்னும் கூட வரும்!"

"சரி, விடுய்யா."

"விட மாட்டேன். எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குங்க."

வாங்கினார். அன்றிலிருந்து எந்த மரத்தைப் பார்த்தாலும் கிளை மரம் மாதிரியும், சுள்ளி கிளை மாதிரியும் தெரிகிறது.

சின்னவள் வளர்ந்திருப்பாள். அவள் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி உறையில் போட்டு அனுப்பு. வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

உன் புருஷன்

மறந்துவிட்டேன். மேஸ்திரி வாபஸ் வாங்கியதும் நெஞ்சை நிமிர்த்தி ஓரடி பின்னால் வைத்தேன். குளத்தின் ஆழம் இடுப்பளவு.